மண்ணைத் தோண்டிப் பூகம்பத்தைப் படித்தவர்கள்

2001-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. இரவு மணி 8-26. புதுவையில் கடைகள் இன்னும் அடைக்கவில்லை. திடீரென்று தரை குலுங்கிற்று. என்ன ஏது என்று புரிவதற்குள் நின்றும் விட்டது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். கடலூரிலும் சென்னையிலும் இதே கதைதான். புதுவைக்குக் கிழக்கே, வங்கக் கடலின் அடியில் உண்டான பூகம்பம் அது. ரிக்டர் அளவு சுமார் 5.5 என்று கணக்கிட்டார்கள்.

சேதம் பெரிதாக இல்லை. கொஞ்ச நாள் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. பிறகு மறந்துபோயிற்று.

மூன்று வருஷம் சென்றது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6-29 மணிக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடி பிளந்தது. அந்தப் பிளவு வடக்கே அந்தமான் வரை ஓடிற்று. நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். அளவு 9.1. புதுவையை உலுக்கிய பூகம்பத்தைவிட எத்தனை மடங்கு பெரியது என்று கேட்டால், வெளிப்பட்ட சக்தியைக் கொண்டு பார்க்கும்போது சுமார் இரண்டரை லட்சம் மடங்கு! இரண்டரை மணி நேரம் கழித்துக் கடல் நம் கரைக்குள் புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 உயிர்கள் போயின. புதுவை மாநிலத்தில் இறந்தவர்கள் சுமார் 600 பேர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் போதும், இந்தக் கட்டுரையின் விஷயம் விளங்கிவிடும். புதுவை நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தை ஒட்டிய ஊர் அது. திட்டு என்றால் தண்ணீரை ஒட்டி நிற்கும் மேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. வீடுகளும் இருக்கின்றன. காலுக்கு அடியில் இருப்பதோ மணல், வண்டல், உப்பங்கழிச் சேறு. சிறிது தோண்டினால் தண்ணீர்.

"பூகம்பமா? அது வடநாட்டில் அல்லவா வரும்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்விக்குச் சர்க்கார் வரைபடம் ஒரு பதில் சொல்கிறது. மண் வேறு பதில் சொல்கிறது. மண்ணின் பதிலைப் படித்துச் சொல்வதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட இரண்டு விஞ்ஞானிகளைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

வரைபடமும் அதன் வயதும்

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். எந்த ஊரில் எவ்வளவு நடுக்கம் வரக்கூடும் என்று கணித்து, அதற்கேற்பக் கட்டடம் கட்டவேண்டும் என்பதற்காக நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வரைபடம் 1962-ல் வந்தது. பிறகு பல முறை திருத்தினார்கள். 2002-ல் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. புதுவையை இரண்டாம் மண்டலத்திலேயே வைத்தார்கள். அந்த வரைபடத்தில் அதுதான் ஆகக் குறைந்த அபாயத்தைக் குறிப்பது.

வரைபடம் போடுகிறவர்கள் எதைக் கொண்டு போடுகிறார்கள்? பெரும்பாலும் இதுவரை நடந்த பூகம்பங்களின் கணக்கைக் கொண்டு. கணக்கு எவ்வளவு பழையது? நம் பக்கத்தில் கொடைக்கானலில் பூகம்பப் பதிவுக் கருவியை வைத்தது 1899-ல். கல்கத்தாவில் வைத்தது அதற்கு ஒரு வருஷம் முன்பு. ஆகக் கருவிகளின் வயது சுமார் 125 வருஷம். அதற்கு முற்பட்டதை வெள்ளைக்கார அதிகாரிகளின் கடிதங்களிலும், கோயில் கல்வெட்டுகளிலும், பயணிகளின் குறிப்புகளிலும் தேட வேண்டும். அவையும் தொடர்ச்சியாக இல்லை.

ஆனால் நிலத்தின் கணக்கு வேறு. ஒரே இடத்தில் ஒரு பெரிய பூகம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 500 வருஷமும் ஆகலாம், 2,000 வருஷமும் ஆகலாம். தீபகற்ப இந்தியா போன்ற பழைய கெட்டியான நிலப்பகுதியில் அதற்கு மேலும் ஆகலாம். 125 வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு "இங்கே வராது" என்று சொல்வது, மூன்று நாள் மழை இல்லாததைப் பார்த்து ஊரில் மழையே கிடையாது என்று சொல்வது போன்றது.

இந்தத் தவறை நம் நாடு இரண்டு முறை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1967 டிசம்பர் 11-ந் தேதி மராட்டியத்தில் கொய்னா அணைக்கு அருகே 6.3 அளவில் நிலம் அதிர்ந்தது. தக்காணப் பாறை அசையாது என்று நம்பியிருந்தவர்கள் திகைத்தார்கள். அணையில் தேக்கிய நீரே நடுக்கத்தைத் தூண்டியது என்பது பின்னர் தெரிந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ஹர்ஷ் குப்தா உலகப் புகழ் பெற்றது அந்த ஆராய்ச்சியால்தான். இரண்டாவது முறை இதைவிடக் கொடுமை. அதைச் சொல்வதற்கு முன் நம் விஞ்ஞானிகளை அறிமுகப்படுத்த வேண்டும்.

தென் கரோலினாவில் கற்ற பாடம்

டாக்டர் குசலா ராஜேந்திரன், டாக்டர் சி. பி. ராஜேந்திரன். இருவரும் கணவன் மனைவி. கேரளத்தைச் சேர்ந்தவர்கள். அம்மையார் ரூர்க்கியில் புவி பௌதிகம் படித்தவர். பூகம்ப ஆராய்ச்சியில் இறங்கிய இந்தியப் பெண்மணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில் அதில் இறங்கினார். அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் தல்வானியிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட இடம் மாண்டிசெல்லோ என்ற நீர்த்தேக்கம். 1977 கடைசியில் அதில் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்ததும் சுற்றுப்புறத்தில் சின்னஞ்சிறு நடுக்கங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. தண்ணீரின் பாரம் பாறையை அழுத்துகிறது. பாறையின் இடுக்குகளில் நீர் கசிந்து இறங்குகிறது. எது முந்தி வேலை செய்கிறது, எது பிந்தி வேலை செய்கிறது என்பதே அவர் ஆராய்ந்த விஷயம். கொய்னாவைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

ராஜேந்திரன் அங்கே வேறொன்றைக் கற்றார். அந்த மாகாணத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு கடற்கரை நகரம். 1886 ஆகஸ்ட் 31-ந் தேதி இரவு அங்கே பெரும் பூகம்பம் வந்தது. அதற்கு முன்பும் அவ்வளவு பெரிய பூகம்பத்தை அந்த ஊர் அறியாது, பின்பும் அறியாது. அமெரிக்காவில் பூகம்பம் என்றால் மேற்கே கலிபோர்னியாதான். கிழக்கே இது ஒரு விதிவிலக்கு என்றே நினைத்தார்கள். விஞ்ஞானிகள் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். 1886-ன் அடையாளத்துக்கும் பழைய அடையாளங்கள் அகப்பட்டன. பல ஆயிரம் வருஷங்களில் பல தடவை அதே பகுதி ஆடியிருக்கிறது!

என்ன அடையாளம் அது? தண்ணீர் ஊறிய மணலைப் பூகம்பம் உலுக்கினால், மணல் தன் கெட்டித்தன்மையை இழந்து கூழாகிவிடும். மேலே கெட்டியான களிமண் மூடியிருந்தால் அந்தக் கூழ் வெடிப்பு வழியாகப் பீறிட்டு மேலே வந்து, எறும்புப் புற்றுப் போலத் தரையில் கொட்டும். பிறகு வெள்ளம் வரும், வண்டல் மூடும், மரம் முளைக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழி வெட்டினால், களிமண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே போன மணல் தாரை அப்படியே சுவரில் நிற்கும். அதோடு சிக்கிக்கொண்ட கரித்துண்டையோ வேரையோ எடுத்துக் கார்பன்-14 முறையில் வயது கணக்கிடலாம். மணலுக்கே வயது சொல்லும் முறையும் உண்டு. ஒரு மணற்பரல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை அது தேக்கி வைத்திருக்கும் சக்தியைக் கொண்டு அளந்து விடுகிறார்கள்.

தேங்காய்த்திட்டு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிப்பது நல்லது. தண்ணீர் ஊறிய மணல் என்று நான் சொன்னது அவர்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் சமாசாரம்.

கில்லாரியின் இரவு

தென் கரோலினாவில் கற்ற வித்தை இந்தியாவுக்கு வந்தது. இருவரும் திருவனந்தபுரத்தில் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் பணி செய்தார்கள்.

1993 செப்டம்பர் 30-ந் தேதி. விடியற்காலை 3-56 மணி. மராட்டியத்தில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி கிராமம். விநாயகர் விழா முடிந்த களைப்பில் ஜனங்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். 6.2 அளவுள்ள பூகம்பம். பெரிய கற்களைச் சேற்று மண்ணில் அடுக்கிய கனமான சுவர்கள் உறங்கியவர்கள் மேல் விழுந்தன. மாண்டவர்கள் எட்டாயிரம் என்றும் பத்தாயிரம் வரை என்றும் கணக்குச் சொல்வார்கள்.

கில்லாரி எந்த மண்டலத்தில் இருந்தது தெரியுமா? ஒன்றாம் மண்டலத்தில்! அன்றைய வரைபடத்தில் அதைவிடப் பத்திரமான இடம் இந்தியாவில் கிடையாது. 2002-ல் அந்த ஒன்றாம் மண்டலத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ராஜேந்திரன் தம்பதிகள் கில்லாரியில் குழி வெட்டினார்கள். அதோடு நிற்காமல், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள தேர் என்ற பழைய ஊருக்குப் போனார்கள். கிரேக்கப் பிரயாண நூலில் தகரா என்று குறிக்கப்பட்ட வாணிப நகரம் அது. அதே நூலில் பொதுகே என்று வரும் துறைமுகம் நம் அரிக்கமேடுதான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. தேரில் புதைந்த பழங்கால அடுக்குகள் ஒரு காலத்தில் நிலநடுக்கத்தால் விலகியிருப்பதற்கான தடயத்தை அவர்கள் கண்டார்கள். காலம் சுமார் 1,500 வருஷத்துக்கு முன். அதாவது, கில்லாரி பூகம்பம் நினைத்தே பார்க்க முடியாத அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பிரதேசத்துக்கு அது பழைய விருந்தாளி. இடையில் யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான்.

அல்லாவின் அணை

கட்சுப் பகுதியில் அவர்கள் செய்த வேலை என் அபிப்பிராயத்தில் இன்னும் முக்கியமானது.

1819 ஜூன் 16-ந் தேதி கட்சு உப்பு வெளியில் பெரும் பூகம்பம் நடந்தது. சிந்திரி என்ற கோட்டை நீரில் அமிழ்ந்தது. அதற்கு வடக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக நிலம் ஒரு கரை போல எழும்பிற்று. மனிதர் கட்டாத அணை என்பதால் ஜனங்கள் 'அல்லா பந்து' என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் பூகர்ப்ப சாஸ்திரத்தை வளர்த்த சார்ல்ஸ் லயல் தம் நூலில் இதை விஸ்தாரமாக எழுதினார்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின் ராஜேந்திரன் தம்பதிகள் அங்கே போய்த் தோண்டினார்கள். உப்பு வெளியில் வேலை செய்வது லேசல்ல. நிழல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, எல்லையும் பக்கத்தில். குழி வெட்டி, சுவரைச் செதுக்கித் துடைத்து, நூல் கட்டிக் கட்டம் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் காகிதத்தில் வரைய வேண்டும். 1819-ன் மணல் தாரைகள் கிடைத்தன. அவற்றுக்கு அடியில் அதைவிடப் பழைய தாரைகளும் கிடைத்தன. சுமார் 800 முதல் 1,000 வருஷத்துக்கு முன்பு இதேபோல ஒன்று நடந்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளியான வருஷம் 2001. அதே வருஷம் ஜனவரி 26-ந் தேதி காலை, குடியரசு தினக் கொடியேற்றும் வேளையில், கட்சு மீண்டும் ஆடிற்று. புஜ் நகரமும் பச்சாவும் அஞ்சாரும் இடிந்து விழுந்தன. சுமார் 20,000 பேர் மாண்டார்கள். பிளந்த இடம் 1819-ல் பிளந்த இடமல்ல. ஆனாலும் கட்சு பொல்லாத இடம் என்பதற்கு மண்ணில் சாட்சி இருந்தது. அது புத்தக அலமாரிக்குப் போய்ச் சேருவதற்குள் பூகம்பம் வந்துவிட்டது.

கட்சு அப்போதும் சர்க்கார் வரைபடத்தில் மிக அபாயமான ஐந்தாம் மண்டலத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் வீடுகளை அதற்கேற்பக் கட்டவில்லை. வரைபடத்தில் சிவப்பு வர்ணம் பூசினால் மட்டும் சுவர் நிற்காது போலிருக்கிறது!

மாமல்லபுரத்து மணல்

சுனாமிக்குப் பிறகு அவர்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள். வரும்போது கேட்ட கேள்வி எளிமையானது: இப்படி ஒன்று முன்பு வந்ததுண்டா?

சரித்திரத்தைப் புரட்டினால் 1881 டிசம்பர் 31-ந் தேதி கார் நிகோபார் அருகே நடந்த பூகம்பம் ஒன்று தெரிகிறது. சென்னைத் துறைமுகத்து அலைமானியில் அதன் அலை பதிவாயிருக்கிறது. சிறிய அலை, கரையில் நின்றவர்கள் கவனித்திருக்கவும் மாட்டார்கள். 1883-ல் க்ரகடோவா எரிமலை வெடித்தபோது வந்ததும் அப்படியே. 2004-ல் வந்த பூதத்துக்குச் சரித்திரத்தில் ஜோடி இல்லை. அதனால்தான் நமக்கு எச்சரிக்கை நிலையமும் இல்லாமல் இருந்தது.

சரித்திரம் மௌனமாயிருந்தால் மண்ணைக் கேட்க வேண்டும். 2004 சுனாமி ஒரு விதத்தில் விஞ்ஞானிகளுக்கு மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. கரைக்கு உள்ளே அது ஒரு மணல் படுகையை விரித்திருந்தது. அந்த மணல் எப்படி இருக்கிறது, பரல்கள் எந்த வரிசையில் படிந்திருக்கின்றன, கடலின் நுண்ணுயிர்க் கூடுகள் எவை கலந்திருக்கின்றன என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதே ஜாதி மணல் ஆழத்தில் இருக்கிறதா என்று தேடினார்கள்.

மாமல்லபுரம் அருகே அப்போது மத்தியத் தொல்லியல் துறையினர், டாக்டர் சத்தியமூர்த்தியின் தலைமையில், தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாளுவன்குப்பத்தில் சுனாமி அலை மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டை வெளிக்காட்டியதும், அதைப் பின்பற்றிப் போய்ப் பழைய முருகன் கோயிலைக் கண்டுபிடித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அகழ்ந்த சுவர்களில் கடல் கொண்டுவந்த மணல் அடுக்குகள் தெரிந்தன. ராஜேந்திரன் தம்பதிகளும் சத்தியமூர்த்தியும் மற்றவர்களும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், கடல் பெருக்கெடுத்து உள்ளே வந்ததற்கு இரண்டு பழைய தடயங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று சுமார் 1,000 வருஷத்துக்கு முன். மற்றொன்று சுமார் 1,500 வருஷத்துக்கு முன்.

அடுத்து காவிரிப்பூம்பட்டினம். அங்கேயும் கரையிலிருந்து உள்ளே தள்ளித் தோண்டியதில் சோழர் காலத்து அடுக்கில் அதே ஜாதி மணல் கிடைத்தது. காலம் ஏறக்குறைய 1,000 வருஷத்துக்கு முன். இதை 2011-ல் வெளியிட்டார்கள்.

பூம்புகார் என்றவுடன் நம்மவர்களுக்கு மணிமேகலை நினைவுக்கு வரும். இந்திர விழா எடுக்க மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. "பார்த்தீர்களா, காப்பியம் மெய்யாயிற்று!" என்று மேடையில் முழங்குவது சுலபம். ஆனால் கிடைத்த மணலின் காலம் காப்பியக் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தியது. மண் சொன்னதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

மணல் சொல்வதிலும் சிக்கல் உண்டு. நம் கரையில் புயல் வராத காலம் இல்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியதை யார் மறப்பார்கள்? புயலும் கடலை மேலே ஏற்றும். மணலைக் கொண்டுவந்து போடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மணல் சுனாமி மணலா, புயல் மணலா என்று சண்டை போடாத விஞ்ஞானிகள் இல்லை. ஓர் இடத்து மணலை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. வங்கக் கடலின் அக்கரையிலும் அதே காலத்து மணல் இருக்க வேண்டும். ஒரே புயல் அச்சேயிலும் மாமல்லபுரத்திலும் அடிக்காதல்லவா?

அக்கரையிலும் தேடினார்கள். 2008-ல் இரண்டு கோஷ்டியார் முடிவை வெளியிட்டார்கள். தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில் 2004-க்கு முந்திய பெரிய சுனாமி 550 முதல் 700 வருஷத்துக்கு முன் வந்திருக்கிறது. சுமத்ராவின் அச்சேயில் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டி ஒன்றும், கி.பி. 780-க்கும் 990-க்கும் இடையில் ஒன்றும் தெரிகின்றன. இந்தப் பழையது நம் சோழர் கால மணலுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டும் ஒரே அலையா என்று உறுதி சொல்ல இன்னும் சான்று வேண்டும். ஆனால் 2004-ல் வந்தது வங்கக் கடலின் முதல் பூதம் அல்ல என்பதில் இப்போது சந்தேகமில்லை.

அம்மையார் பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியையாக இருந்தார். ராஜேந்திரன் அதே ஊரில் ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தில் பணி புரிந்தார். அந்தமான், அஸ்ஸாம், இமயமலை என்று இவர்கள் கால் படாத இடம் குறைவு. இமயமலையில் அடுத்த பெரிய பூகம்பம் எங்கே என்பதில் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு வாதமும் செய்திருக்கிறார்கள். இந்தியப் பூகம்பங்களின் கதையை இருவரும் சேர்ந்து ஒரு புத்தகமாக எழுத, அது 2024-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் இருக்கிறது. யாராவது தமிழில் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.

ஜப்பானியர் கேட்காத சாட்சி

மணலைத் தோண்டிப் பார்த்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் கதையைச் சொல்லலாம்.

கி.பி. 869-ல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பெரும் சுனாமி வந்ததாகப் பழைய அரசாங்கச் சரித்திரத்தில் ஒரு குறிப்பு உண்டு. செந்தாய் சமவெளியில் விஞ்ஞானிகள் தோண்டினார்கள். வயல்களுக்கு அடியில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே வரை, அந்தச் சுனாமியின் மணல் விரிந்து கிடந்தது. 2001-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் பாதுகாப்பை ஆராய்ந்த கமிட்டியில் 2009-ல் ஒகாமுரா என்ற விஞ்ஞானி இந்த மணலை எடுத்துக்காட்டி, இதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டார். கேட்டதோடு சரி. நிலையத்தார் எதிர்பார்த்திருந்த அலை 5.7 மீட்டர். 2011 மார்ச் 11-ந் தேதி வந்த அலை சுமார் 14 மீட்டர். அதற்குப் பிறகு ஃபுகுஷிமாவில் நடந்ததை உலகம் அறியும்.

செல்வமும் சாஸ்திரமும் நிரம்பிய ஜப்பானிலேயே இந்த நிலை. நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். மாமல்லபுரத்துக்குச் சில மைல் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. 2004-ல் சுனாமி நீர் அங்கே பம்பு நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை உடனே நிறுத்தினார்கள். விபத்து ஒன்றும் நேரவில்லை. அந்தப் பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கரையில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரக்கூடும் என்ற கேள்விக்கு ஒரே ஒரு நாளின் அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதக் கூடாது. மாமல்லபுரத்து மணல் அடுக்குகளுக்கு அங்கேதான் விலை அதிகம்.

பூகம்பம் எந்த நாளில் வரும் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. 1975-ல் சீனாவில் ஹைசெங் நகரத்தை முன்கூட்டிக் காலி செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷமே தாங்ஷான் நகரம் எச்சரிக்கையின்றி அழிந்தது. சர்க்கார் கணக்கிலேயே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் சாவு. இத்தாலியில் லாக்விலா நகரம் 2009-ல் இடிந்தபோது, அதற்குச் சில நாள் முன்பு ஜனங்களுக்குத் தவறான தைரியம் சொன்னதாக ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012-ல் சிறைத்தண்டனை விதித்தார்கள். 2014-ல் மேல்கோர்ட்டு விஞ்ஞானிகளை விடுதலை செய்தது. அந்த வழக்கைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். "பயமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்ற வார்த்தையை யாரும் லேசாகச் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெளிவு.

தேங்காய்த்திட்டுக்கு என்ன?

சுனாமியைப் பொறுத்தவரை 2004-ல் இருந்த நிலை இன்று இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையில் அலைமானிகளும் அதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே 8.6 அளவில் பூகம்பம் நடந்தபோது சில நிமிஷங்களில் செய்தி வந்தது. நம் கரையில் ஜனங்கள் மேட்டுக்குப் போனார்கள். அந்தப் பூகம்பத்தில் நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை. சுமத்ராவிலிருந்து வருகிற அலைக்கு இரண்டரை மணி நேர அவகாசம் உண்டு. தேங்காய்த்திட்டு மீனவர் ஒருவர் படகைக் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குள் வர அது தாராளமாகப் போதும், செய்தி அவருடைய காதுக்கு வந்தால்!

தரை நடுக்கத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. 2001-ல் புதுவைக்கு எதிரே கடலடியில் நடந்தது 5.5 அளவோடு போயிற்று. அங்கே அதைவிடப் பெரியது வரக்கூடுமா? 125 வருஷக் கணக்கில் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் நம்மிடம் கிடையாது. கில்லாரிக்காரர்களிடமும் 1993 செப்டம்பர் 29-ந் தேதி வரை அந்தப் பதில்தான் இருந்தது. வரும் என்று சொல்லிப் பயமுறுத்த எனக்கு ஆதாரமில்லை. வராது என்று சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை.

இதற்கிடையில் வீடுகள் எழும்புகின்றன. கழிமுகத்தையும் தாழ்வான நிலத்தையும் தூர்த்து மனை போடுவது நம் கடற்கரை நகரங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி மோட்டார் வண்டிகளுக்கு இடம் விட்டு, மேலே நாலு மாடி கட்டுகிறார்கள். புஜ் பூகம்பத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆமதாபாத்தில் முதலில் மடிந்து விழுந்தவை இந்த ஜாதிக் கட்டடங்கள்தான். ஆமதாபாத்தும் ஆற்று வண்டல் மேல் அமைந்த ஊர். புதுவை நகரசபைக்குப் பிளான் கொடுக்கும்போது, மண்ணைத் துளையிட்டுச் சோதித்த அறிக்கை எத்தனை பேர் கொடுக்கிறார்கள், அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை அதிகாரிகள் சொல்லலாம். கம்பியை வளைத்துக் கட்டும் விதத்திலும், தூணும் உத்தரமும் சேரும் இடத்திலும் கவனம் வைத்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். பெரிய துரைமார் மாளிகைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 1870-களைச் சேர்ந்த பழைய நகர மண்டபம் 2014 நவம்பரில் வெறும் மழைக்கே இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதன் வயதுள்ள சுண்ணாம்புச் சுவர்கள் நகரில் இன்னும் எத்தனையோ நிற்கின்றன.

மற்றொரு வேலையும் பாக்கி இருக்கிறது. மாமல்லபுரத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது புதுவை. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், தேங்காய்த்திட்டுக்குத் தெற்கே, அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் துரை குழி வெட்டினார். மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காலம் சொல்லும் வித்தையை இந்திய மாணவர்களுக்கு அவர் கற்றுக் கொடுத்த களங்களில் அதுவும் ஒன்று. அவர் தேடியது ரோமாபுரிப் பானை ஓடுகளை, தேடியது கிடைத்தது. அதே கழியின் அமைதியான சேற்றில் 2004-ன் மணல் எங்கே படிந்திருக்கிறது, அதற்கு அடியில் சோழர் கால மணல் உண்டா, அதற்கும் அடியில் உண்டா என்று பார்க்க ஒரு நீளக் குழாயும், ஒரு படகும், புதுவைப் பல்கலைக் கழகத்து மாணவர்கள் நாலு பேரும் போதும். குழாயை எங்கே இறக்குவது என்பதைச் சீக்கிரம் முடிவு செய்வது நல்லது. கட்டடமும் துறைமுக வேலையும் இன்னும் தொடாத சேறு அலையாத்தி மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.